பின்பக்கத்துக் கேள்வி

"செத்தாலும் இதை நான் வாயால படிக்கமாட்டேன்" என்று தோன்யா ஹசிந்தா காகிதத்தைக் கவிழ்த்து மேசைமேல் வைத்தாள். அது காற்றுக்குக்கூடப் புரண்டுவிடக் கூடாது என்று தன் காப்பிக் கோப்பையையும் அதன்மேல் வைத்துவிட்டாள்.

சான் கலிஸ்தோ மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கிற கூடத்தில் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலோர் திராட்சைத் தோட்டத்திலிருந்து நேராக வந்தவர்கள். விரல் நுனியெல்லாம் பிசுக்கு. அறுப்புக் காலத்தில் கலிஃபோர்னியாவின் அந்தப் பள்ளத்தாக்கில் எந்தச் சோப்புக்கும் அடங்காத பிசுக்கு அது. மலைக்காட்டில் தீ பிடித்து, அந்தப் புகை இறங்கி, வானம் சாம்பல் பூத்துக் கிடந்தது. கூடத்தில் மின்விசிறி ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. அதனால் அனல் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போய்வந்தது, அவ்வளவுதான்.

மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. இங்கிலீஷிலிருந்து ஸ்பானிஷுக்கு மாற்றிய எந்தத் தாளையும் அச்சுக்குக் கொடுக்குமுன், அதைப் படிக்கப்போகிற ஜனங்களிலேயே சிலரைக் கூட்டி, ஆளுக்கு ஒரு பத்தியாக வாய்விட்டுப் படிக்கச் சொல்வார்கள். என்ன புரிந்தது என்று கேட்பார்கள். புரியாததும் பிடிக்காததும் மாற்றி எழுதப்படும். கூலி என்று பார்த்தால் காப்பியும் சர்க்கரை பூசிய ரொட்டியும்தான். ஆனால் திராட்சை அறுக்கிற பெண்ணை உட்காரவைத்து "உனக்கு என்ன தோணுது?" என்று வேறு எந்த இடத்தில் கேட்கிறார்கள்? அதனால் கூட்டத்துக்கு ஆள் குறைவதே இல்லை.

தாளை மொழிபெயர்த்தவள் தோன்யா ஹசிந்தாவின் மருமகள் அம்பாரோ. 'தோன்யா' என்பது வயதில் மூத்தவளை மரியாதையாகக் கூப்பிடும் சொல், மருமகளும் அப்படித்தான் கூப்பிடுவாள். பகலில் திராட்சைப் பெட்டி கட்டும் கொட்டகையில் வேலை, சாயங்காலம் சமையலறை மேசையில் மொழிபெயர்ப்பு. சர்க்கரை வியாதி, தடுப்பூசி, பூச்சிமருந்து என்று எத்தனையோ தாள்களைப் பெயர்த்திருக்கிறாள். இந்தத் தடவை வந்தது மன வியாதி. 'மனம் ஒடிந்தவருக்குத் துணை நிற்பது எப்படி' என்று தலைப்பு.

முன்பக்கம் சிரிப்பும் கேலியுமாகத்தான் போனது. இங்கிலீஷ் தாளில் ஜன்னலோரம் ஒரு பெண் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கும் படம் இருந்தது. தமாலே என்கிற சோளமாவுக் கொழுக்கட்டை விற்கிற செனைதா அதைத் தூக்கிப் பிடித்துக் காட்டினாள்.

"நம்ம ஊர்ல சும்மா ஜன்னலோரம் ஒக்காந்திருக்கிற பொம்பள ஒருத்தியக் காட்டுங்க பாப்போம். இவளுக்கு மனசு சரியில்லைன்னு நான் நம்பமாட்டேன். வீட்டுல வேலைக்காரி இருக்கான்னு வேணா நம்புவேன்."

உனக்கென்று நேரம் ஒதுக்கு, வெந்நீர்த் தொட்டியில் நிதானமாகக் குளி என்று ஒரு வரி. ஒரு குளியலறைக்கு எட்டுப் பேர் வரிசை நிற்கிற வீட்டில் நிதானமாகக் குளித்தால் மனம் ஒடியாது, கதவுதான் ஒடியும் என்றார்கள். அலுவலகத்திலிருந்து வந்திருந்த பெலென் சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். டெக்ஸாஸில் பிறந்து வளர்ந்த பெண், நல்லவள், யாரையும் எதிர்த்துப் பேசத் தெரியாதவள். அம்பாரோவும் சிரித்தாள். மாமியார் பின்பக்கத்தைத் திருப்பும்வரைதான் அந்தச் சிரிப்பு.

பின்பக்கத்தின் கடைசிப் பத்தி இதுதான்: 'உயிரை விட நினைக்கிறீர்களா என்று அவரிடம் நேராகக் கேளுங்கள். கேட்பதனால் அந்த எண்ணம் அவருக்குப் புதிதாக வந்துவிடாது.'

தோன்யா ஹசிந்தா கோப்பையை வைத்த பிறகு கூடத்தில் ஆளாளுக்குச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். சில விஷயங்களைப் பேர் சொன்னாலே வந்து வாசலில் நிற்கும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. புற்றுநோயைக்கூட 'அந்த அசிங்கம்' என்றுதான் சொல்வார்கள். சாவுக்காவது பேர் உண்டு. தானே தேடிக்கொள்ளும் சாவுக்குப் பேரே கிடையாது. கிணற்றில் விழுந்தான், துப்பாக்கி துடைக்கும்போது வெடித்தது, வண்டி தடம் மாறியது என்று ஏதாவது ஒன்றைச் சொல்லிப் புதைத்துவிடுவார்கள்.

பெலென் சமாதானத்துக்கு வந்தாள். 'அவர் சோகமாக இருக்கிறாரா என்று அன்பாக விசாரியுங்கள்' என்று போட்டுக்கொள்ளலாமே என்றாள். எல்லோருக்கும் மூச்சு வந்தது.

"அது வேற கேள்வி, பெலென்" என்றாள் அம்பாரோ. "இங்கிலீஷ்ல இருக்கிறது அது இல்ல."

"இங்கிலீஷ்காரங்க எதை வேணா கேப்பாங்க. சம்பளம் எவ்வளவு, வயசு எவ்வளவுன்னு தாள்ல அச்சடிச்சுக் கேக்குற ஜாதி" என்றாள் தோன்யா ஹசிந்தா. பிறகு மருமகளை நிமிர்ந்து பார்த்தாள். "நீ கேப்பியா? ஒன் வீட்டுல ஒருத்தன் படுத்துக்கெடந்தா, அவன்கிட்டப் போயி இதை நீ கேப்பியா?"

அந்தக் கேள்வியின் முள் எங்கே தைக்கும் என்று அவர்கள் இருவருக்கும்தான் தெரியும். அம்பாரோ தன் தாள்களை அடுக்கத் தொடங்கினாள். வருகிற வியாழக்கிழமை மாற்றி எழுதிக்கொண்டு வரும்படி பெலென் சொன்னதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள். தோற்றுப்போன ஆத்திரத்தில், ரொட்டி ஒன்றைக்கூட எடுக்காமல் எழுந்துவந்தாள்.

வீட்டில் ஒருத்தன் படுத்துத்தான் கிடந்தான். தோன்யா ஹசிந்தாவின் மகன், அம்பாரோவின் புருஷன் லிப்ராதோ. கொடி கத்தரிக்கிற குளிர்காலத்தில் அவனுடைய தூக்கம் போனது. அப்புறம் சாப்பாடு, அப்புறம் பேச்சு. சொல்லும்படியாக எந்தக் கெட்டதும் நடக்கவில்லை. யாரும் சாகவில்லை, யாரும் ஏமாற்றவில்லை. அதுதான் வீட்டுக்குள் யாருக்கும் பிடிபடாமல் இருந்தது. அக்கம்பக்கத்தில் முதுகுவலி என்று சொல்லிவைத்தார்கள். தோன்யா ஹசிந்தா முட்டையால் தலையிலிருந்து பாதம்வரை தடவி, தண்ணீர் டம்ளரில் உடைத்து ஊற்றிப் பார்த்து, பயம் பிடித்திருக்கிறது என்றாள். எலுமிச்சை இலைக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். அவனும் மறுக்காமல் குடித்தான். எதையும் மறுக்காத ஆளாகிவிட்டான். முன்பெல்லாம் உப்புக் குறைந்தால் ஊரைக் கூட்டுகிறவன்.

அறுப்பு தொடங்கியதும் அவன் எழுந்து வேலைக்குப் போனான். அதில் வீடே குளிர்ந்துபோயிற்று. விடியுமுன்னே அம்பாரோ சோள ரொட்டி சுட்டு, சப்பாத்திக்கள்ளி மடல் போட்ட முட்டையும் அவரையும் வைத்துச் சுருட்டிக் கொடுப்பாள். சாயங்காலம் தூக்குப்பெட்டி காலியாகத் திரும்பி வரும். பார்த்தாயா, முட்டை வேலை செய்துவிட்டது என்று மாமியார் சொல்லும்போது அம்பாரோவுக்கும் நம்பத்தான் ஆசை. நம்பினாள். ராத்திரி கண்விழித்து அந்தத் தாளை மொழிபெயர்த்தவளுக்கு அதிலுள்ள ஒவ்வொரு அறிகுறியும் கட்டிலில் பக்கத்திலேயே படுத்திருந்தது. ஆனாலும் நம்பினாள். தெரிந்துகொள்வது வேறு, ஒப்புக்கொள்வது வேறு.

திங்கட்கிழமை மத்தியானம், மேஸ்திரி ஃபெர்மின் கொட்டகை வாசலில் வந்து நின்றான். லிப்ராதோ வேலைசெய்கிற கூட்டத்துக்கு அவன்தான் மேஸ்திரி. அதைவிட, அம்பாரோவின் மகள் யாதிராவுக்கு ஞானஸ்நானத்தில் கையேந்திய ஞானத்தகப்பன். அந்த உறவில் ஆண்கள் ஒருவரையொருவர் 'கொம்பாத்ரே' என்பார்கள், பெண்ணை 'கொமாத்ரே' என்பார்கள். கூடப்பிறந்தவனோடு சண்டை போடலாம், கொம்பாத்ரேயோடு போடக் கூடாது. ஃபெர்மினோ சண்டைக்கு வந்தவன்போல நின்றான்.

"கொமாத்ரே, ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம் இல்லையா அவரு? வேற மேஸ்திரிகிட்டப் போறதுன்னா போகட்டும். அது அவரு இஷ்டம். ஆனா மூஞ்சிக்கு நேரா சொல்லணும். நான் என்ன அந்நியனா?"

அம்பாரோவுக்கு ஒன்றும் புரியவில்லை. எந்த மேஸ்திரி என்று கேட்டாள்.

"அதைத்தான் நானும் கேக்க வந்தேன். போன வாரம் பூரா வரலை. அதுக்கு முந்தின வாரமும் பாதிநாள்தான். கொடிக்கு நடுவுல காகிதம் விரிச்சுப் பழத்தைக் காயப் பரப்பிப் போட்டாச்சு. நாளைக்குத் திருப்பிப் போடணும். மழை வந்தா அத்தனையும் சாராயம். இந்த நேரத்துல எவனாவது கூட்டத்தை விட்டுட்டுப் போவானா? ரோசத்துல நானும் கேக்கக் கூடாதுன்னு இருந்தேன்."

ரோசம். அந்த ஒரு சொல்லில் ஒரு வாரம் போய்விட்டது. அவன்மேல் கோபப்பட அம்பாரோவுக்கு யோக்கியதை இல்லை. அவன் ரோசத்தில் கேட்கவில்லை, அவள் பயத்தில் கேட்கவில்லை. வெள்ளைச் சட்டையில் இல்லாத கறையும், காலியாகத் திரும்பும் தூக்குப்பெட்டியும் இப்போது ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. அறுப்புக்குப் போய்வந்தவன் சட்டையில் கறை இல்லை என்பதை நாள்தோறும் துவைத்தவள் அவள்தான்.

"அவரு வண்டியை எங்கயாவது பாத்தீங்களா, கொம்பாத்ரே?"

ஃபெர்மின் முகம் மாறியது. பெரிய வாய்க்காலோரம் யூகலிப்டஸ் நிழலில் அதேபோல ஒரு நீலவண்டியைப் பார்த்ததாகவும், அது அவனாக இருக்காது என்று நினைத்து வந்துவிட்டதாகவும் சொன்னான். சொல்லி முடிக்குமுன் தன் வண்டியின் கதவைத் திறந்துவிட்டிருந்தான்.

வாய்க்காலில் தண்ணீர் கரை தளும்ப ஓடிக்கொண்டிருந்தது. மேலாகப் பார்த்தால் அசையாதது மாதிரி இருக்கும். இறங்கியவனை விடாது, கரை முழுக்கச் சிமெண்டு, பிடிக்க ஒரு வேர் கிடையாது. நீலவண்டி அங்கேதான் நின்றது. ஃபெர்மினைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அவள் மட்டும் நடந்தாள். கால் புழுதியில் புதைந்தது. லிப்ராதோ ஓட்டுகிற இடத்தில் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கீழே தெருநாய் இரண்டு, அவள் விடியுமுன்னே சுட்ட ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தன. அவளைக் கண்டதும் அவன் திடுக்கிடவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

மறுபக்கம் ஏறி உட்கார்ந்தாள். ஃபெர்மின் கோபமாக இருக்கிறான் என்றாள். இருக்கட்டும் என்றான். புகை இன்னும் அடங்கவில்லை என்றாள். ஆமாம் என்றான். ஸ்பானிஷில் அந்த வாக்கியத்தை எத்தனை விதமாக அடித்து எழுதியிருப்பாள். எந்தச் சொல் முதலில் வரவேண்டும், எது உறுத்தாது, எது மழுப்பாது என்று சமையலறை மேசையில் கைவலிக்கப் பார்த்தவள். கடைசியில் பெலென் சொன்ன கேள்விதான் வந்தது.

"சோகமா இருக்கியா, கெழவா?"

கல்யாணமான புதிதிலிருந்தே அவர்கள் ஒருவரையொருவர் கிழவன் கிழவி என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

"இல்ல. தூக்கம் சரியில்ல. அவ்வளவுதான்."

இந்தப் பதிலை எத்தனையோ தடவை கேட்டாகிவிட்டது. மாமியாருக்கும் இதே பதில், பாதிரியாருக்கும் இதே பதில். கேள்வி வாசலிலேயே நின்றால் பதிலும் வாசலோடு அனுப்பிவிடும். அம்பாரோவுக்குத் திடீரென்று கோபம் வந்தது. அவன்மேல் இல்லை. சிலுவை போட்ட கைகள்மேல், முட்டைமேல், முதுகுவலிமேல், எல்லாவற்றுக்கும் மேலாகத் தன்மேல். பேர் சொன்னால் வருமாம். சொல்லாமலே வந்து இந்த வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறதே, இதை யார் கூப்பிட்டார்கள்?

"லிப்ராதோ, செத்துப்போகணும்னு நெனைக்கிறியா?"

அவன் ஸ்டியரிங்கைப் பார்த்தான். நாய்கள் தின்பதை நிறுத்தவில்லை. அவள் இன்னொரு வார்த்தை பேசவில்லை. கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும் என்பதும் தாளில் இருந்ததுதான்.

"ஆமா" என்றான்.

வாய்விட்டுச் சொன்ன பிறகு அவன் தோள் இறங்கியது. அப்புறம் தானாகவே பேசினான். மாதக்கணக்கில் அவன் அவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதில்லை.

"தெனமும் இங்கதான் வர்றேன். தண்ணியப் பாத்துக்கிட்டே இருப்பேன். அப்புறம் அந்தப் பாலத்துல யாதிராவோட பள்ளிக்கூட பஸ் வரும்ல, அது ஞாபகம் வரும். அவ ஜன்னலோரம்தான் ஒக்காருவா. அவ கண்ணுல படக் கூடாதுன்னு பஸ்ஸு போகட்டும்னு இருப்பேன். பஸ்ஸு போனதும் அவ வீட்டுக்குப் போயி கதவைத் தட்டுவாளே, யாரு தொறப்பான்னு தோணும். வண்டிய எடுத்துக்கிட்டு வந்துருவேன். மறுநாளும் அதேதான்."

"என்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"எப்படிச் சொல்றது? நீ கேட்டதெல்லாம் சாப்பிட்டியா, தூங்குனியா, முதுகு எப்படி இருக்கு. இதைக் கேக்க ஒனக்கு இத்தனை நாளா கெழவி?"

அவள் அழுதாள். அவனுக்கு எதிரில் அழக் கூடாது என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை. நன்றாக அழுதுவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு, சாவியைக் கொடு என்றாள். கொடுத்துவிட்டான். வண்டியை அவள் ஓட்டினாள். ஃபெர்மின் ஒன்றும் கேட்காமல் பின்னாலேயே வந்து, ஆஸ்பத்திரி வாசலில் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு இருட்டும்வரை நின்றான்.

ஆஸ்பத்திரியில் பாதி ஊர் இருந்தது. எங்கே முதுகு டாக்டரா என்று ஒருத்தி விசாரித்தாள். இல்லை, மனசுக்கு என்றாள் அம்பாரோ, மூன்று வரிசைக்குக் கேட்கும்படி. கேட்டவள் பையில் எதையோ தேட ஆரம்பித்தாள். உள்ளே வந்த நர்ஸ் அதே கேள்வியை அதே மாதிரி நேராகக் கேட்டாள். லிப்ராதோ இந்தத் தடவை யோசிக்கவில்லை, ஆமாம் என்று உடனே சொன்னான். டாக்டர் வெகுநேரம் பேசினார், மாத்திரை எழுதினார், வாராவாரம் வந்து பேசச் சொன்னார். வண்டிச் சாவி மனைவியிடம் இருக்கட்டும், கொஞ்ச நாள் தனியாக விடவேண்டாம் என்றார்.

வீட்டுக்கு வந்தபோது செய்தி அவர்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. தோன்யா ஹசிந்தா அடுப்பங்கரையில் மருமகளை மடக்கினாள்.

"என் மகனை எல்லாரும் பாக்க அங்க கூட்டிட்டுப் போனியா?"

"போனேன்."

"அந்த வார்த்தைய அவன்கிட்டக் கேட்டியா?"

"கேட்டேன், தோன்யா."

மாமியார் கரண்டியைக் கீழே வைத்தாள். அவன் என்ன சொன்னான் என்ற அடுத்த கேள்விக்கு அம்பாரோ காத்திருக்கவில்லை, சொல்லிவிட்டாள். வாய்க்கால், நாய்கள், பஸ், எல்லாவற்றையும் சொன்னாள். தணித்துச் சொல்லவில்லை. தோன்யா ஹசிந்தா அடுப்பை அணைத்தாள். பிறகு மகன் படுத்திருந்த அறைக்குப் போய், கட்டிலுக்கடியில் இருந்த முட்டை டம்ளரை எடுத்துக் கொல்லையில் கொட்டினாள். அன்றிலிருந்து அவள் யாரோடும் பேசவில்லை. ஆனால் மறுநாள் அம்பாரோ வேலைக்குப் போகும்போது, ஜெபமாலையும் நாற்காலியுமாக மகன் அறை வாசலில் உட்கார்ந்துவிட்டாள். மிலிட்டரிக்காரன் தோற்றான்.

புதன்கிழமை சாயங்காலம் அம்பாரோ புருஷனிடம் கேட்டாள், கூட்டத்தில் உன்னைப்பற்றிச் சொல்லட்டுமா என்று.

"சொல்லு. முதுகுவலி முதுகுவலின்னு சொல்லி இப்ப நெசமாவே முதுகு வலிக்குது."

அவன் கேலி பேசிக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று. அம்பாரோ சிரித்துவிட்டாள். ஒரே நாளில் தேறிவிட்டான் என்றெல்லாம் அவள் நினைக்கவில்லை. அன்றைக்கும் அவன் பாதிச் சாப்பாட்டோடு எழுந்துவிட்டான்.

வியாழக்கிழமை அதே கூடம், அதே பெண்கள். பெலென் தாளை வாங்கி, திருப்பி, கடைசிப் பத்தியைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள். மாற்றவே இல்லையே என்றாள் மெதுவாக.

"மாத்தமாட்டேன்" என்றாள் அம்பாரோ. "வேற ஆளை வச்சு மாத்திக்கணும்னா மாத்திக்கோங்க. ஆனா அதுக்கு முன்னாடி நான் சொல்றதைக் கேட்டுட்டு மாத்துங்க."

எழுந்து நின்று சொன்னாள். என் புருஷனுக்கு முதுகில் ஒன்றுமில்லை என்று ஆரம்பித்தாள். சோகமா என்று கேட்டபோது இல்லை என்றான், சாக நினைக்கிறாயா என்று கேட்டபோது ஆமாம் என்றான், இன்றைக்கு ஃபெர்மின் துணைக்கு இருக்க வீட்டில் உயிரோடு உட்கார்ந்து பயறு உரித்துக்கொண்டிருக்கிறான் என்று முடித்தாள். இதைப் பேர் சொன்னால் வரும் என்கிறவர்கள் இப்போதே சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன் என்றாள்.

செனைதாதான், அவள் வாயில் ஒருநாளும் வராத சின்னக் குரலில், தன் தம்பி வண்டி தடம் மாறிச் செத்தது அம்பாரோவுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாள். கேட்டுவிட்டு ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள். பக்கத்திலிருந்தவள் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

வழக்கப்படி ஆள் ஆளாகக் கேட்க வேண்டும். இருக்கட்டுமா, மாற்றலாமா என்று பெலென் ஒரு ஓரத்திலிருந்து கேட்டுக்கொண்டு வந்தாள். இருக்கட்டும் என்றார்கள். ஒருத்தி தெரியவில்லை என்றாள். கடைசியில் தோன்யா ஹசிந்தாவின் முறை. அம்பாரோ சுவரைப் பார்த்துக்கொண்டாள். வீட்டில் மூன்று நாளாகப் பேசாதவள் சபையில் என்ன பேசப்போகிறாளோ.

"அது அங்க இருக்கக் கூடாது" என்றாள் தோன்யா ஹசிந்தா.

பெலென் பேனாவை எடுத்தாள்.

"பின்னாடி, கடைசில, எலிப்புழுக்கை மாதிரி எழுத்துல போட்டா எவ படிப்பா? தூக்கம், சாப்பாடு, குளியல்னு எல்லாத்தையும் படிச்சு முடிச்சு அங்க வர்றதுக்குள்ள ஆளு போயிருவான். முன்பக்கம் போடு. முதல் வரியா போடு."

அப்படிச் செய்ய முடியாது தோன்யா, இங்கிலீஷில் எந்த இடத்தில் இருக்கிறதோ ஸ்பானிஷிலும் அதே இடத்தில்தான் இருக்க வேண்டும், அதுதான் அலுவலகத்து விதி என்று பெலென் விளக்கினாள்.

தோன்யா ஹசிந்தா பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"அப்ப இங்கிலீஷ்காரங்ககிட்டச் சொல்லு" என்றாள். "அவங்களையும் மேல போடச் சொல்லு. அவங்க பிள்ளைங்களும் பிள்ளைங்கதானே."